கரியிழையும் நம் நாடும்

வடநாட்டுக் குளிருக்கு நம் இல்லத்தரசிகள் ஸ்வெட்டர் பின்னும் அக்ரிலிக் நூலை அறியாதார் நம்முள் யார்? விமானத்திற்கும் காற்றாலைக்கும் பயன்படும் கரியிழை அந்நூலின் உடன்பிறப்பே எனின் வியப்பாகவன்றோ இருக்கும்!

இரண்டிற்கும் மூலம் அக்ரிலோநைட்ரைல் என்னும் இரசாயனம். அதனால் ஆன இழையை முதலில் காற்றில் 200 முதல் 300 டிகிரி வரை சூடேற்றிப் பதப்படுத்துகின்றனர். பின்னர்ப் பிராணவாயு புகாத உலையில் 1000 டிகிரிக்கு மேல் காய்ச்சுகின்றனர். ஏறக்குறையப் பாதி எடை நீங்க, மயிரினும் மெல்லிய கரி எஞ்சுகிறது. எஃகின் எடையில் கால் பங்கே. வலிமையோ அதனினும் மிகுதி. சரக்கின் எடையை நாள்தோறும் பேரேட்டில் பதியும் நமக்கு இதன் அருமை எளிதில் விளங்கும். நீண்ட காற்றாலை இறகு தன் பாரத்தால் வளையாதிருக்க இதுவே துணை.

ஏவுகணைக்கும் உதவுவதால் உயர்தர இழையை அயல்நாடுகள் அரசின் அனுமதியின்றி விற்பதில்லை. ஆகவே நாமே செய்தல் வேண்டும். பெங்களூர் தேசிய வான்வெளி ஆய்வகம் கண்ட முறையைக் கொண்டு வடோதரா அருகே கெம்ராக் நிறுவனம் 2010-இல் ஆலை தொடங்கிற்று, அது நிலைக்கவில்லை. பின்னர் 2022-இல் ஹஜிராவில் ஆண்டுக்கு 20,000 டன் ஆலை அமைப்பதாக ரிலையன்ஸ் அறிவித்தது.

ஆய்வறிவு மட்டும் போதாது. மலிவான மூலப்பொருள், தடையற்ற மின்சாரம், தொடர்ந்து வாங்குவோர், தேர்ந்த தொழிலாளர் ஆகிய நான்கும் வேண்டும். இவற்றுள் நான்காவது நம் இல்லங்களிலிருந்தும் செல்லக்கூடியது. இரசாயனமும் நெசவியலும் பயிலும் நம் மக்களுக்கு இத்தொழிலை இன்றே அறிமுகம் செய்வோமாக!