காப்பித்தூளும் சிவகாசிக் கவரும்

வங்கியில் முப்பது வருடத்துக்கு மேல் கடன் மனு படித்தவன் நான். ‘பேக்கிங் செலவு’ என்று ஒரு வரி எல்லா மனுவிலும் இருக்கும். அதில் ஒருநாளும் நான் நின்றதில்லை. ஓய்வு பெற்று, சாத்தூர் பக்கம் எள்ளும் குதிரைவாலியும் போட்டுக்கொண்டிருந்தவனை அந்த வரி தேடி வந்து பிடித்துக்கொண்டது.

தாண்டிக்குடிப் பக்கம் காப்பி வைத்திருக்கும் நண்பர்கள் சிலர் உண்டு. மரநிழலில், மிளகுக்கொடிக்கும் மலைவாழைக்கும் நடுவே வளர்கிற, மருந்தே காணாத காப்பி. கொட்டையாக வியாபாரிக்குப் போடாமல் வறுத்து நாமே விற்போம் என்று முடிவானதும் என்னிடம் வந்தார்கள். “நீங்க சிவகாசிப் பக்கம்தானே சார், கவர் அடிச்சுக் குடுங்க.”

சிவகாசியில் அச்சுத்தொழில் வளர்ந்ததே லேபிளால்தான். 1922இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்று வந்தார்கள். பெட்டியில் ஒட்டப் படம் வேண்டுமே! அதற்காக வந்த அச்சு, பிறகு பட்டாசு லேபிள், காலண்டர் என்று பெருகியது. எழுத்துத் தெரியாதவரும் அணில், சேவல் என்று படத்தைச் சொல்லி வாங்கினார்கள். பிராண்ட் என்றால் அவ்வளவுதான்: போன தடவை வாங்கின அதே சரக்கு என்று காட்டும் அடையாளம்.

இது புரியாமல் நான் அழகில் விழுந்தேன். பல நிறக் கவருக்கு நிறத்துக்கு ஒரு சிலிண்டர் செய்யவேண்டும். அந்தச் செலவு எத்தனை கவருக்குப் பங்காகிறதோ, அந்த அளவுக்கு ஒரு கவரின் விலை குறையும். பேங்க்காரன் கணக்கு! ஐயாயிரம் சொல்லிவிட்டேன். பச்சை மலை, இலை, சிவந்த பழம், எல்லாம் பளபளவென்று வந்தது.

சில மாதம் கழித்து, விருதுநகரில் வாடிக்கையாக வாங்கும் ஓர் அம்மா காலிக் கவர்களைக் கட்டாகக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். “அண்ணாச்சி, மருந்தடிக்காத காப்பின்னுதான் வாங்குறேன். இதை நான் எங்க போட? பழைய பேப்பர்காரரும் வேண்டாங்கிறாரு, மண்ணுலயும் மக்க மாட்டேங்குது.” பதில் சொல்லத் தெரியவில்லை.

அந்தக் கவர் பார்க்க ஒன்று, உள்ளே மூன்று. வெளியே அச்சு ஏறும் பாலியெஸ்டர், நடுவில் அலுமினியத் தாள், உள்ளே சூட்டில் ஒட்டும் பாலித்தீன். ஒட்டிய மூன்றைப் பிரித்து மறுசுழற்சி செய்ய யாரும் எடுப்பதில்லை. ‘இயற்கை’யாகத் தெரிகிற பழுப்புக் காகிதக் கவரையும் கிழித்துப் பாருங்கள், பலதில் உள்ளே இதே பளபளப்புதான். மக்கும் பிளாஸ்டிக் என்று விற்பதில் பெரும்பாலானவை 60 டிகிரி அளவுக்குச் சூடு நிற்கும் உரக்கூடத்தில்தான் மக்கும். நம்ம வீட்டு எருக்குழி அதற்குப் போதாது.

அப்படியானால் அலுமினியம் எதற்கு? வறுத்த கொட்டையின் மணத்தைக் காற்றும் ஈரமும் வெளிச்சமும் கெடுக்கும். அரைத்த தூளில் இன்னும் வேகமாக. கொட்டை பல நாள் கரியமில வாயுவையும் விடும். அதனால்தான் கவரில் ஒருவழி வால்வு. மாதக்கணக்கில் கடை அலமாரியில் நிற்கவேண்டிய காப்பிக்கு இத்தனை கவசமும் தேவை. நம் ஊர்க் காப்பிக்கடையில் கண் முன்னே அரைத்து, காகிதக் கவரில் கால் கிலோ தருவார்கள். அங்கே மணத்தைக் காப்பது கவர் இல்லை, ஒரு வாரத்தில் தீர்ந்துபோவதுதான்.

அதைத்தான் திரும்பப் பிடித்தோம். உள்ளூருக்கு வாரம் ஒரு வறுவல். எவர்சில்வர் டப்பாவோடு வருபவருக்கு நேரே அளந்து போடுகிறோம். பார்சலுக்குக் கொட்டையாக மட்டும், பாலித்தீன் ஒன்றாலேயே செய்த வால்வுக் கவரில். அலுமினியம் அளவுக்கு இது காக்காது. ஒரு மாதத்துக்குள் குடித்துவிடுங்கள் என்று எழுதிவிடுகிறோம்.

மேலே ஒரே நிறத்தில் காகித லேபிள். நூறு நூறாக அடிப்பதால் வறுவலுக்கு வறுவல் மாற்றலாம். எடை, விலை, 14 இலக்க உணவுப் பாதுகாப்பு எண் எல்லாம் சட்டப்படி வேண்டும். சிக்கரி கலந்தால் சதவீதம் போட்டே ஆகவேண்டும். 49 வரை சட்டம் விடுகிறது, நாங்கள் கலப்பதில்லை. பச்சைப் புள்ளி சைவம் என்பதற்கான குறி. அதை இயற்கை வேளாண் குறி என்று நினைப்பவர்கள் நம்மிலேயே இருக்கிறார்கள்! இயற்கை விளைபொருள் என்று கடைக்கு அனுப்ப சான்றிதழும் அதற்கான முத்திரையும் வேண்டும்.

மீதி இடத்தில் ஊர், மலை உயரம், பழத்தைத் தோல் நீக்கிக் கழுவியதா பழத்தோடு உலர்த்தியதா, வறுத்த தேதி. ஆந்திரப் பழங்குடி உழவர்களின் காப்பி 2017இல் பாரிசில் கடை திறந்தபோது பெயர்ப்பலகையில் இருந்தது அரக்கு என்கிற ஊர்ப்பெயர்தான். 2019இல் குடகு, வயநாடு, அரக்கு உட்பட ஐந்து இந்தியக் காப்பிகளுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. அந்தப் பெயர்களை நாம் இரவல் வாங்கக் கூடாது. தாண்டிக்குடி என்றே போடுகிறோம்.

பழைய கவரில் பாதிக்கு மேல் இன்னும் பரண்மேல் கிடக்கிறது. நன்றாகக் காயவைத்த குதிரைவாலி விதையை அதில் கட்டி வைக்கிறேன். இதுவரை பூச்சி ஏறவில்லை.