பத்து விரல், 1024 அறை

வலது கட்டைவிரலிலும் ஆள்காட்டி விரலிலும் சக்கரம். இடது கட்டைவிரலிலும் சக்கரம். மற்ற ஏழு விரல்களிலும் சங்கு. இப்படிக் கைரேகை கொண்ட ஒருவர் 1897-க்குப் பிறகு கல்கத்தாவில் போலீசிடம் சிக்கியிருந்தால், அவருடைய ரேகை அட்டை போய்ச் சேரும் அலமாரி அறை 21/17. அவர் எந்தப் பொய்ப் பெயர் சொன்னாலும் சரி, அட்டை அந்த அறையில்தான் இருக்கும்.

ஒருவர் ரேகை இன்னொருவருக்கு வராது என்பது அதற்கு முன்பே தெரிந்த விஷயம். ஆங்கிலேய அறிவியலாளர் பிரான்சிஸ் கால்டன் 1892-இல் அதைப் பற்றிப் புத்தகமே எழுதிவிட்டார். சிக்கல், தேடுவதில் இருந்தது. பிடிபட்டவன் பெயரை மாற்றிச் சொல்கிறான். அலுவலகத்தில் ஆயிரக்கணக்கான அட்டைகள். அவனுடைய பழைய அட்டையை எப்படி எடுப்பது? 1891 முதல் வங்காள போலீஸ் தலைவராக இருந்த எட்வர்ட் ஹென்றியை வாட்டிய கேள்வி இது. முதலில் அவர் பிரெஞ்சு போலீஸ் அதிகாரி பெர்டிலான் வகுத்த முறைப்படி குற்றவாளிகளின் தலை, கை, கால்களை அளக்கச் செய்தார். ஆனால் ஒரே ஆளை இரண்டு பேர் அளந்தால் இரண்டு அளவு வந்தது.

விடையைக் கண்டவர்கள் அவருக்குக் கீழே வேலை பார்த்த அஜிஸுல் ஹக், ஹேம் சந்திர போஸ் என்ற இருவர். கணிதம் படித்த ஹக்கின் கணக்கு எளிமையானது, அழகானது. பத்து விரலையும் வரிசையாக ஐந்து ஜோடியாக்கு. முதல் ஜோடியில் சக்கரம் இருந்தால் 16. அடுத்தடுத்த ஜோடிகளில் 8, 4, 2, 1. சங்குக்கும், வில்போல் வளையும் ரேகைக்கும் மதிப்பில்லை. ஜோடியின் இரண்டாம் விரல் மேலே, முதல் விரல் கீழே. இரண்டு கூட்டுத்தொகையோடும் ஒன்று சேர். நம் ஆளுக்கு மேலே 16+4+1, கீழே 16+1. இப்படி 32-ஐ 32-ஆல் பெருக்க, 1024 அறைகள். சக்கரமே இல்லாதவர்கள் எல்லாரும் 1/1-இல் வந்து குவிவார்கள் என்பதால், அதை ரேகைகளை எண்ணி மேலும் பிரித்தார்கள்.

இந்தச் சங்கும் சக்கரமும் எங்கிருந்து வருகின்றன? கருவில் ஏறக்குறைய மூன்றாம் மாதத்தில் விரல்நுனித் தோலில் மேடுகள் எழத் தொடங்குகின்றன. நகத்தின் அடிப்புறம், விரல்நுனித் திண்டின் நடு, மூட்டு மடிப்பு ஆகிய மூன்று இடங்களிலிருந்து அவை அலை அலையாகப் பரவுகின்றன என்று 2023-இல் வெளியான ஆய்வு காட்டியது. மேட்டை வளர்க்கும் வேதிச் செய்தியும் தடுக்கும் செய்தியும் மோதிக்கொள்வதில் கோடுகள் பிறக்கின்றன. கணிதவியலாளர் ஆலன் டூரிங் 1952-இல் கணக்காகவே சொன்ன வழி இது. எந்த அலை முன்னால் கிளம்பியது, திண்டு எவ்வளவு புடைத்திருந்தது என்பதைப் பொறுத்தே சக்கரமா, சங்கா, வில்லா என்பது அமைகிறது. நுண்ணிய கிளைகளும் முடிவுகளும் தற்செயலாக விழுகின்றன. ஒரே மரபணு கொண்ட இரட்டையருக்கும் ரேகை வேறுபடுவது இதனால்தான். வடிவம் தோலின் ஆழ்ந்த அடுக்கில் வேரூன்றியிருப்பதால், மேல்தோல் உரிந்தாலும் அதே ரேகை திரும்ப வளர்கிறது.

இப்படி மாறாமல் நிற்கும் ரேகை நீதிமன்றத்துக்கும் வந்தது. வங்காளத்தின் ஜல்பைகுரியில் தேயிலைத் தோட்ட மேலாளர் ஒருவர் கொல்லப்பட்டபோது, வங்காளப் பஞ்சாங்கம் ஒன்றில் ரத்தம் தோய்ந்த விரல் பதிந்திருந்தது. முன்பு திருட்டுக்குச் சிறை சென்ற பழைய வேலைக்காரனின் வலது கட்டைவிரலோடு அது ஒத்துப்போனது. 1898-இல் நீதிமன்றம் அவனைத் திருட்டுக்குத் தண்டித்தது. கொலைக் குற்றத்திலிருந்து விடுவித்தது. ரேகை அங்கே அவன் கை பட்டதைத்தான் சொல்லும், கை என்ன செய்தது என்பதைச் சொல்லாது. அந்த எல்லையை அன்றே உணர்ந்த தீர்ப்பு இது என்று எனக்குத் தோன்றுகிறது.

ஹென்றி 1901-இல் லண்டன் ஸ்காட்லாந்து யார்டில் கைரேகைப் பிரிவைத் தொடங்கினார். 1903 முதல் 1918 வரை மாநகரப் போலீஸ் ஆணையர். போலீசாரின் வேலைநிறுத்தத்தை அடுத்துப் பதவி விலகினார்.

உலகமெங்கும் இந்த வகைப்பாட்டுக்கு ஹென்றி முறை என்றே பெயர் நிலைத்தது. ஹக்குக்கு கான் பகதூர், போஸுக்கு ராய் பகதூர் பட்டங்கள் கிடைத்தன. தன் அலுவலர்களில் எவரையும்விட ஹக்கின் பங்கே பெரிது என்று ஹென்றி கடிதத்தில் எழுதிக் கொடுத்தது 1926-இல். அதற்குள் அந்த முறை அவர் பெயரிலேயே கால் நூற்றாண்டு ஓடியிருந்தது.