செல்லப் பிராணிகளுக்கான மூலிகை டிங்சரும் ஓமியோபதி வீரியமும்: வெங்காயத்தை முன்வைத்து ஒரு விளக்கம்

முன்னுரை

நாய், பூனை முதலிய செல்லப் பிராணிகளுக்குத் தரப்படும் மூலிகை டிங்சரும் ஓமியோபதி மருந்தும் ‘இயற்கை மருந்து’ என ஒரே பெயரால் சுட்டப்படுகின்றன. இரண்டும் பலவேளைகளில் ஒரே தாவரத்திலிருந்து தொடங்குவது இம்மயக்கத்திற்குக் காரணமாகிறது. இவ்விரண்டின் வேறுபாட்டை வெங்காயத்தைச் சான்றாகக் கொண்டு இக்கட்டுரை விளக்குகிறது.

தாய்த் திராவகம்

மூலிகையை எரிசாராயத்தில் ஊறவைத்து வடித்தெடுப்பது டிங்சர். ஓமியோபதியில் இது தாய்த் திராவகம் எனப்படும். தாவரத்தின் வேதிப்பொருள்கள் இதில் உள்ளமையால் பயனும் தீங்கும் அளவைப் பொறுத்தே அமையும். வெங்காயத்தின் கந்தகச் சேர்மங்கள் நாய், பூனை ஆகியவற்றின் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைப்பவை. உடல் எடையில் கிலோவுக்குப் பூனை 5 கிராமும், நாய் 15 முதல் 30 கிராமும் வெங்காயம் உண்டாலே இரத்தத்தில் மாற்றம் தோன்றும். சில துளிகளில் இவ்வளவு சேராது எனினும், சிற்றளவு தொடர்ந்து சேர்வதாலும் இரத்தசோகை உண்டாகலாம். கரைப்பானாகிய சாராயமும் சிற்றுடல் விலங்குக்குக் கேடு தருவதே.

வீரியம்

நோய்க்குறியை உண்டாக்கும் பொருளே அக்குறியைப் போக்கும் என்பது செருமானிய மருத்துவர் சாமுவேல் ஹானிமன் (1755–1843) வகுத்த கோட்பாடு. வெங்காயம் கண்ணீரையும் மூக்கொழுகலையும் வருவிப்பதால், ‘அல்லியம் சீபா’ என்னும் பெயரில் அது சளிக்குத் தரப்படுகிறது. ஒரு பங்கு மருந்தை 99 பங்கு கரைப்பானில் கலந்து குலுக்குவது ஒரு படி. 12 படிகளைக் கடந்தால் மூலப்பொருளின் ஒரு மூலக்கூறேனும் எஞ்சுவது அரிது. 30 வீரியம் என்பது 30 படிகளைக் கடந்தது. பொதுவழக்கில் வலிமையைக் குறிக்கும் ‘வீரியம்’ என்னும் சொல், இங்குப் பொருள் குறையக் குறைய உயரும் எண்ணைக் குறிக்கிறது. ஆதலின் 30 வீரிய அல்லியம் சீபா விலங்குக்கு நஞ்சாவதில்லை. அது நோய் தீர்க்கும் என்பதற்கும் நம்பத்தகுந்த சான்று இல்லை. எனினும் சளி சில நாள்களில் தானே தணிவதுண்டு. விலங்கு தன் நிலையைச் சொல்லாமையால், வளர்ப்பவரின் எதிர்பார்ப்பும் மதிப்பீட்டில் கலந்துவிடுகிறது.

முடிவுரை

டிங்சரில் இடர் பொருளின் இருப்பால் விளைகிறது. உயர்வீரியத்தில் அது காலத்தின் இழப்பால் விளைகிறது. சிறுநீர் அடைபட்ட ஆண்பூனை உரிய சிகிச்சையின்றி ஓரிரு நாள்களில் இறக்கக்கூடும். தாய்த் திராவகப் புட்டியில் ‘கியூ’ என்னும் குறியும், வீரியப் புட்டியில் 6, 30, 200 போன்ற எண்ணும் இடம்பெறும். இவ்வேறுபாட்டை அறிந்து, கால்நடை மருத்துவர் நோயைக் கண்டறிந்த பின்னரே எதனையும் கொடுத்தல் தகும்.