பன்றித் தலையும் பேச்சுரிமையும்

அமெரிக்காவில் மிச்சிகன் மாகாணத்தில், டெட்ராய்ட் நகரை ஒட்டி, டியர்பார்ன் என்று ஓர் ஊர் இருக்கிறது. ஹென்றி போர்டின் மாபெரும் மோட்டார் தொழிற்சாலை எழுந்த ஊர் அது. அங்கே வேலை தேடி லெபனான் முதலிய தேசங்களிலிருந்து வந்த அராபியர்கள் நிலையாகக் குடியேறி, கடைகளும் மசூதிகளும் அமைத்துக்கொண்டார்கள். கோடைக்காலத்தில் வாரன் அவென்யூ என்னும் வீதியில் மூன்று நாள் திருவிழாவும் நடத்திவந்தார்கள். சங்கீதம், பலகாரம், குழந்தைகளுக்கு ராட்டினம். அனுமதிக் கட்டணம் கிடையாது.

2012-ம் ஆண்டு விழாவுக்குக் கிறிஸ்தவப் பிரசாரகர்களின் சிறு கோஷ்டி ஒன்று வந்து சேர்ந்தது. 'பைபிள் பிலீவர்ஸ்' என்பது அவர்கள் வைத்துக்கொண்ட பெயர். இஸ்லாத்தையும் நபிகள் நாயகத்தையும் தூஷிக்கும் வாசகங்கள் எழுதிய பதாகைகளை ஏந்தியிருந்தார்கள். போதாக்குறைக்கு, ஒரு கழியின் உச்சியில் பன்றித் தலை வேறு! முஸ்லிம் குடும்பங்கள் குழந்தை குட்டிகளோடு கூடியிருக்கும் இடத்துக்கு இதைத் தூக்கி வருகிறவர்களிடம் நமக்கு என்ன மதிப்பு இருக்க முடியும்? யேசுநாதரின் அன்பைப் போதிக்க இதுவா வழி என்று நேயர்கள் கேட்பார்கள். நாமும் அதையே கேட்கிறோம்.

கூட்டத்திலிருந்த சிறுவர்களும் வாலிபர்களும் கொதித்தெழுந்தனர். தண்ணீர்ப் புட்டிகளும் குப்பையும் கற்களும் பறந்தன. பிரசாரகர்களின் தலைவர் முகத்தில் ரத்தம் வழிந்தது. வேயின் ஜில்லா ஷெரிப்பின் அதிகாரிகள் அருகில்தான் இருந்தனர். எறிந்தவர்களை அடக்குவதற்கு அவர்கள் பெயரளவில் ஏதோ செய்தார்கள். பிறகு அடிபட்டவர்களிடம் வந்து, உடனே வெளியேறாவிட்டால் ஒழுங்கீனக் குற்றம் சாட்டுவோம் என்று எச்சரித்தார்கள்! கோஷ்டியார் வெளியேறினர், பின்னர் வழக்குத் தொடுத்தனர்.

கீழ்க் கோர்ட்டில் அவர்களுக்குத் தோல்வி. 2014-ல் அப்பீல் கோர்ட்டின் மூன்று நீதிபதிகளில் இருவரும் அதிகாரிகள் பக்கமே நின்றனர். ஆனால் 2015 அக்டோபரில் அதே கோர்ட்டின் நீதிபதிகள் யாவரும் கூடி மறுபடி விசாரித்தபோது, பெரும்பான்மையோர் தீர்ப்பைத் திருப்பிவிட்டார்கள். பேச்சு அருவருப்பானதாக இருக்கலாம். ஆனால் அது யாரையும் அடிக்கும்படி தூண்டவில்லை. ஆகவே பேசுகிறவனைக் காப்பதும் எறிகிறவனைத் தடுப்பதுமே அதிகாரிகளின் முதற்கடமை. அதைச் செய்யாமல் பேசியவர்களை விரட்டியதால் பேச்சுரிமை, மத சுதந்திரம், சட்டத்தின் சமப் பாதுகாப்பு ஆகிய மூன்றும் மீறப்பட்டன என்று முடிவாயிற்று.

இந்தத் தீர்ப்பு நமக்குச் சரியென்றே படுகிறது. கூச்சலும் கல்லும் ஒருவனுடைய வாயை மூடப் போதும் என்றால், தடை உத்தரவு போடும் அதிகாரம் சர்க்காரிடமிருந்து கும்பலின் கைக்குப் போய்விடுகிறது. டியர்பார்னில் முஸ்லிம்கள் திரளாக இருக்கிறார்கள். அமெரிக்காவின் மற்ற ஊர்களில் அவர்கள் வெகு சிலரே. அங்கே ஒரு மசூதியின் வாசலில் கும்பல் கூடினால், அதே நியாயத்தைச் சொல்லித் தொழுகைக்கு வந்தவர்களை வீட்டுக்கு அனுப்பலாம் அல்லவா?

விஷயம் புதிதன்று. இங்கிலாந்தில் வெஸ்டன்-சூப்பர்-மேர் என்ற கடற்கரை ஊரில் இரட்சணிய சேனையார் ஊர்வலம் போனபோது, 'எலும்புக்கூட்டுப் படை' என்று பெயர் சூட்டிக்கொண்ட கும்பல் அவர்களை எதிர்த்துக் கலகம் செய்தது. தண்டனை கிடைத்ததோ ஊர்வலம் போனவர்களுக்கு. 1882-ல் மேல் கோர்ட்டு அதை ரத்து செய்தது. நம் தேசத்திலும் 144 என்ற எண்ணைக் கேளாதவர் யார்? அன்னிய ஆட்சியில் எத்தனையோ தேசியக் கூட்டங்களை 'அமைதிக்குப் பங்கம்' என்ற ஒரே காரணம் விழுங்கிற்று. 2024-ல் வந்த புதிய சட்டத்தில் அதற்கு 163 என்று எண் மாறியிருக்கிறது, அதிகாரம் மாறவில்லை.

டியர்பார்ன்வாசிகளின் மனத்தாங்கலையும் நாம் சொல்லாமல் விடலாகாது. அவர்கள் யாரையும் வம்புக்கு இழுக்கவில்லை. விழாவை வீதியிலிருந்து பூங்கா ஒன்றுக்கு மாற்ற நகரசபை விரும்பியது. கடைசியில் 2013-ம் ஆண்டு விழாவே ரத்தாயிற்று. பன்றித் தலையைத் தூக்கி வந்தவர்களுக்குக் கோர்ட்டில் நியாயம் கிடைத்தது. ராட்டினம் சுற்ற வந்த குழந்தைகளுக்கு விழாவைத் திருப்பித் தர எந்தக் கோர்ட்டுக்கும் வழியில்லை.