மடிக்கணினிக்கு இறுதித் தீர்ப்பு எழுதுமுன்

மசினகுடியிலிருந்து உதகைக்குச் செல்வோர் கல்லட்டி மலைப்பாதையின் 36 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறிக் கடக்க வேண்டும். கூடலூருக்குச் செல்வதானால் தெப்பக்காடு வழியாக முதுமலைக் காட்டைத் தாண்ட வேண்டும். இத்தகைய ஊரில் பிள்ளையின் மடிக்கணினி ஒரு நாள் திடீரென இருண்டுபோனால், பெற்றோர் அடையும் கலக்கம் சிறிதன்று. ஒரு நாள் கூலியை இழந்து மலையேறிச் சென்றாலும், "இது பழையது, புதிதாக வாங்கிக்கொள்ளுங்கள்" என்ற மறுமொழியே பல வேளைகளில் கிடைக்கிறது. கடன்படுவதா, பிள்ளையின் படிப்பைத் தடைப்படுத்துவதா என்று குடும்பம் திகைக்கிறது.

அன்பார்ந்த பெற்றோரே! அத்தீர்ப்பை ஏற்குமுன் ஒரு கேள்வி கேளுங்கள்: "இதில் எந்த உறுப்பு பழுதாகியுள்ளது?" கண்ணில் நோய் கண்டால் கண்ணுக்கு மருந்திடுகிறோம், ஆளையே கைவிடுவதில்லை. மடிக்கணினியும் அவ்வாறே. அது பெரும்பாலும் ஒரேயடியாகச் சாவதில்லை. பேட்டரியோ, விசிறியோ, தகவலைச் சேமிக்கும் வட்டோ, மூடியின் கீலோதான் களைத்துப்போகிறது. இவற்றைத் தனித்தனியே மாற்றலாம். புதிய கணினியின் விலையில் அதற்கு ஒரு சிறு பங்கே ஆகும்.

பேட்டரியை முதலில் கவனிப்போம். லித்தியம் அயனி பேட்டரிக்கு இரு பகைவர் உளர்: வெப்பம் ஒன்று, எந்நேரமும் நூறு விழுக்காடு நிரம்பியிருத்தல் மற்றொன்று. பல கணினிகளில் 80 விழுக்காட்டோடு மின்னேற்றத்தை நிறுத்தும் வசதி உண்டு, அதனைப் பயன்படுத்துங்கள். விடுமுறையில் எடுத்து வைப்பதானால், பாதியளவு மின்னேற்றி, வெயில் படாத இடத்தில் வையுங்கள். பேட்டரி உப்பியிருக்கக் கண்டால் உடனே பயன்பாட்டை நிறுத்துங்கள். அதைக் குத்துவதும் அழுத்துவதும் தீவிபத்தை விளைவிக்கும்.

அடுத்தது புழுதி. மண்பாதையில் ஜீப்புகள் எழுப்பும் தூசி விசிறியை அடைத்துக்கொள்ள, கணினி மூச்சுத் திணறிக் கொதிக்கிறது. மலைக்குளிருக்காகக் கம்பளியின்மேல் வைத்துப் படிப்பதும் அதன் மூச்சை அடைப்பதே. பலகை அல்லது மேசைமீது வையுங்கள். ஆண்டுக்கொரு முறை தெரிந்தவரைக் கொண்டு திறந்து தூசி நீக்குங்கள். உதகைக் குளிரிலிருந்து கொண்டுவந்த கணினியை உடனே இயக்காமல், அரைமணி நேரம் பையிலேயே வைத்திருங்கள். குளிர்ந்த பொருளின்மேல் ஈரம் படிவது இயற்கை.

இடி மின்னலின்போதும், மின்சாரம் விட்டுவிட்டு வரும்போதும் சார்ஜரைக் கழற்றிவிடுங்கள். திரையைப் பிடித்துத் தூக்காதீர்கள். மூடியை நடுவில் பிடித்துத் திறவுங்கள். தேநீர் சிந்திவிட்டால் உடனே நிறுத்தி, சார்ஜரை நீக்கி, கவிழ்த்து வைத்து, பழுதுபார்ப்பவரிடம் சேர்ப்பியுங்கள். உலர்ந்ததா என்று பார்க்க மீண்டும் இயக்குவதே பல கணினிகளைக் கெடுக்கிறது.

2011 செப்டம்பர் 15 அன்று தமிழக அரசு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தால், அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவி பெறும் பள்ளிகளிலும் பயின்ற ஏழைப் பிள்ளைகள் பல லட்சம் பேர் முதன்முறையாகக் கணினியைத் தொட்டனர். அவற்றுள் பல இன்று 'மெதுவாகிவிட்டது' என்னும் குற்றச்சாட்டோடு அலமாரியில் உறங்குகின்றன. பழைய சுழல்வட்டை நீக்கி எஸ்.எஸ்.டி. பொருத்தினால் அவற்றுள் பலவும் புத்துயிர் பெறும். விண்டோஸ் 10 மென்பொருளுக்கான இலவசப் பாதுகாப்புப் புதுப்பிப்புகள் 2025 அக்டோபர் 14 அன்று பொதுவாக நிறுத்தப்பட்டன. அதனால் கணினி குப்பையாகிவிடவில்லை. விலையின்றிக் கிடைக்கும் லினக்ஸ் அதில் இயங்கும். சென்னையில் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் அவ்வகையினதே.

இது வெறும் சிக்கனம் அன்று. 2022 ஆம் ஆண்டில் உலகெங்கும் சேர்ந்த மின்னணுக் கழிவு 6 கோடியே 20 லட்சம் டன் என்று ஐ.நா. அறிக்கை கூறுகிறது, அதில் முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்யப்பட்டது நான்கில் ஒரு பங்குகூட இல்லை. யானையும் மானும் நடமாடும் நம் காட்டோரத்தில் ஒரு பழைய பேட்டரியை எறிவது எவ்வளவு பெரிய கேடு! திருத்தூதர் பேதுருவின் வழிவந்த திருத்தந்தை பிரான்சிஸ், 2015 இல் வெளியிட்ட 'லௌதாத்தோ சீ' என்னும் சுற்றுமடலில், பயன்படுத்தி எறியும் பண்பாட்டைக் கண்டித்தார். முற்றிலும் பயனற்றதையும் குப்பைமேட்டில் எறியாமல், அங்கீகாரம் பெற்ற சேகரிப்பாளரிடம் ஒப்படைப்பதே முறை.

ஐயாயிரம் பேருக்கு அப்பம் பகிர்ந்த ஆண்டவர், அத்தனை வல்லமை படைத்தவராயிருந்தும், மீந்த துண்டுகளைச் சேர்த்து வைக்கச் சொன்னார். பன்னிரண்டு கூடைகள் நிறைந்தன. நம் அலமாரியில் உறங்கும் கணினியும் அத்தகையதொரு துண்டாகலாம். அதைச் செப்பனிட்டு, கணினியில்லாத அண்டை வீட்டுப் பிள்ளையின் கையில் கொடுத்துப் பாருங்கள். அந்தக் கூடை நிறைவதைக் காண்பீர்கள்.