ஆமைக் குஞ்சுக்குக் காவலர்
சென்னை நகரம் உறங்கும் வேளையில், நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை மணலில் நடந்து செல்லும் மாணவ மாணவியரை நாம் கண்டோம். பங்குனி ஆமைகள் ஜனவரி முதல் ஏப்ரல் வரை இக்கரையேறி முட்டையிடுகின்றன. ஒரு குழியில் 100 முட்டைகளுக்கு மேலும் இருக்கும். நாய்களும் மனிதரும் தீண்டுமுன், இவர்கள் அவற்றை எடுத்து வேலியிட்ட இடத்தில் புதைத்துக் காக்கிறார்கள். சுமார் 45 நாளில் வெளிவரும் குஞ்சுகளைக் கடலில் விடுகிறார்கள். 1988-ல் மாணவர் தொடங்கிய இத்தொண்டு இன்றும் நடந்து வருகிறது.

இவ்வளவு சிரமம் எதற்கு? பிறந்த குஞ்சு வெளிச்சமுள்ள திசையே கடலென்று நம்பும். நம் வீதி விளக்குகளோ அதனைச் சாலைக்கு இழுத்து மாய்க்கின்றன. நாம் இழைக்கும் தீங்குக்கு இவ்விளைஞர் உறக்கமிழந்து பரிகாரம் தேடுகின்றனர். கடலோர வீட்டார் அம்மாதங்களில் இரவு விளக்கை அணைத்தால், அதுவும் தேசத் தொண்டேயாகும்.