தீபத்திற்குத் துணையாக ஒரு காவலன்

அந்தி சாயும் வேளையில் வாசல் தெளித்துக் கோலமிட்டுத் திருவிளக்கேற்றிய பின்னரே மற்றக் காரியங்களைத் தொடங்குவது நம் இல்லங்களில் வழிவழியாக வரும் ஒழுக்கம். விளக்கை 'அணை' என்று சொல்லவும் நம் பெரியோர் நாக் கூசினர். 'குளிரச் செய்', 'மலையேற்று' என்றே கூறினர். ரிக் வேதம் அக்கினி தேவனைத் துதித்தே தொடங்குகிறது. பஞ்சபூதத் தலங்களுள் திருவண்ணாமலை அக்கினித் தலமாகத் திகழ்கிறது.

நெருப்பை இவ்வளவு உயர்வாகப் போற்றிய முன்னோர், அதற்கு எல்லை வகுக்கவும் தவறவில்லை. வேள்விக்குக் குண்டம், விளக்குக்கு அகல், சாம்பிராணிக்குத் தூபக்கால், கற்பூரத்துக்குத் தட்டு. அந்த எல்லைக்குள் நிற்கும்வரை அது நமக்கு ஒளி. எல்லையைத் தாண்டினால், ஏற்றிய கை யாருடையது என்று அது பார்ப்பதில்லை. இந்த உண்மையை எழுபது வயதுக்குமேல் எங்கள் பூஜை அறையிலேயே கற்றுக்கொள்ள நேர்ந்தது. அதை மறைக்காமல் சொல்வதே பிறருக்குப் பயன்படும் என்பதால் இங்கே எழுதுகிறேன்.

கழற்றி வைத்த பேட்டரி

நானும் என் மனைவியும் அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றில் வசிக்கிறோம். பிள்ளைகள் வெளியூரில். விடுமுறைக்கு வந்த மகன், பூஜை அறைக்கு எதிரே உள்ள நடையின் மேற்கூரையில் உள்ளங்கையளவு வெள்ளை வட்டக் கருவி ஒன்றைப் பொருத்திச் சென்றான். "புகை வந்தால் இது சத்தமிட்டு எழுப்பும், அப்பா" என்றான். புகை அலாரம் என்பது அதன் பெயர்.

வெள்ளிக்கிழமைதோறும் எங்கள் வீட்டில் சாம்பிராணி போடுவது வழக்கம். முதல் வெள்ளியன்றே அது வீறிட்டு அலறியது. அடுத்த வெள்ளியும் அப்படியே. "முருகனுக்குத் தூபம் காட்டுவதற்குமா இது இப்படிக் கூச்சலிட வேண்டும்?" என்று மனைவி வருந்தினாள். நான் முக்காலியில் ஏறி, அதன் பேட்டரியைக் கழற்றி மேசை இழுப்பறையில் போட்டேன். பூஜை முடிந்ததும் திரும்பப் பொருத்துவதாகத்தான் எண்ணம். அன்று மறந்தேன், பின்னர் அதைப் பற்றிய நினைவே இல்லாமற்போயிற்று.

கார்த்திகை மாதத்தில் ஓர் இரவு. விளக்கைக் குளிரச் செய்யாமல், தானே மலையேறட்டும் என்று விட்டுவிட்டுப் படுத்துவிட்டோம். எண்ணெய் ஊறிய திரியை எலியொன்று இழுத்துச் சென்றிருக்க வேண்டும். திரைச்சீலை கருகிக் கனிந்து, பின் பற்றி எரிந்து, மர அலமாரிக்கும் பரவியது. நாங்கள் இருவரும் ஏதும் அறியாமல் உறங்கிக்கொண்டிருந்தோம். இரவுப் பணி முடிந்து திரும்பிய எதிர்வீட்டு இளைஞர், எங்கள் சன்னல் வழியே புகை கசிவதைக் கண்டு, கதவை இடித்து எழுப்பினார். உயிருக்கு ஊறில்லை. என் தந்தையார் சுவாமிமலையிலிருந்து வாங்கி வந்த முருகன் திருவுருவப் படத்தின் கீழ்ப்பகுதி மட்டும் கருகியது.

மறுநாள் காலை தொலைபேசியில் மகன் கேட்டான்: "அலாரம் அடிக்கவில்லையா, அப்பா?" பதில் சொல்ல எனக்கு நா எழவில்லை. காவலனை உறங்க வைத்தவன் நானே அல்லவா?

புகையால் நெருப்பை அறிதல்

தர்க்க சாத்திரம் பயில்வோர்க்கு முதலில் சொல்லப்படும் உதாரணம் ஒன்றுண்டு. தொலைவில் உள்ள மலையில் புகை தெரிகிறது. புகையுள்ள இடத்தில் நெருப்பு உண்டு. ஆதலால் அம்மலையில் நெருப்பு உண்டு. அனுமானம் என்னும் பிரமாணத்தை விளக்க நையாயிகர்கள் இதையே எடுத்தாளுவர். நம் மணிமேகலைக் காப்பியத்தின் அளவை இயலிலும் புகையும் நெருப்பும் இவ்வாறே சான்றாக வருகின்றன.

புகை அலாரம் செய்வதும் இதே அனுமானந்தான். ஒளிமின் வகைக் கருவியினுள் இருண்ட சிற்றறை ஒன்று உண்டு. அதில் மெல்லிய ஒளிக்கற்றை பாயும். புகைத் துகள்கள் உள்ளே நுழைந்தால் அவ்வொளி சிதறி, ஒரு பக்கமாக அமைந்த உணர்கருவியின்மீது படும். உடனே ஒலி எழும். அயனி வகை என வேறொன்றும் உண்டு. அது சுடர்விட்டு விரைந்து எரியும் தீயைச் சற்று முன்னதாக அறியும். பஞ்சு மெத்தை, திரைச்சீலை, மின்கம்பி ஆகியவை கனன்று புகையும் தீயை ஒளிமின் வகையே விரைவாக உணர்கிறது. சமையல் புகைக்கு வீணாக அலறுவதும் அதில் குறைவு. ஆகவே நம் இல்லங்களுக்கு ஒளிமின் வகையே ஏற்றது.

புகையும் நெருப்புமாகிய இரண்டில் முதலில் உயிரைப் பறிப்பது பெரும்பாலும் புகைதான். உறங்குகிறவரை அதன் நெடி எழுப்பிவிடும் என்று நாம் நம்புகிறோம். உறக்கத்தில் மூக்கும் உறங்கிவிடுகிறது. புகையில் கலந்த கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சு வாயு, உறக்கத்தை மயக்கமாக்கி விடுகிறது. வயது ஏற ஏற மோப்ப உணர்வு மங்குவதும் இயல்பு. அந்நேரத்தில் நம்மை எழுப்ப வல்லது ஒலி ஒன்றே.

2018 பிப்ரவரி 2ஆம் நாள் இரவு மதுரை மீனாட்சி சுந்தரேசுவரர் திருக்கோயிலின் வீரவசந்தராயர் மண்டபத்தில் தீப்பற்றியதை அன்பர்கள் மறந்திருக்க மாட்டார்கள். கல்லால் ஆன மண்டபம். ஆயினும் தூண்கள் சிதைந்தன, மேற்கூரையின் ஒரு பகுதி சரிந்தது. பல நூற்றாண்டு நின்ற கல்லுக்கே அந்நிலை என்றால், துணியும் மரமும் பஞ்சும் நிறைந்த நம் வீட்டுக்கு எவ்வளவு நேரம் வேண்டும்?

எங்கே பொருத்துவது?

ஆலய வாயிலில் துவாரபாலகர் நிற்கும் இடத்துக்கு ஒரு காரணம் உண்டு. இக்கருவிக்கும் அப்படியே. ஒவ்வொரு படுக்கை அறையிலும், படுக்கை அறைகளுக்கு வெளியே உள்ள நடையிலும், மாடி இருந்தால் ஒவ்வொரு தளத்திலும் ஒன்று இருப்பது முறை. எல்லாம் ஒருசேர இயலாவிட்டால், உறங்கும் இடத்தை ஒட்டிய நடையிலிருந்து தொடங்கலாம்.

புகை மேலெழும் இயல்புடையது. ஆதலால் மேற்கூரையின் நடுப்பகுதியே சிறந்த இடம். சுவரில் வைப்பதானால் மேற்கூரையிலிருந்து 1 அடிக்குள் இருக்கவேண்டும். மின்விசிறியின் இறக்கை நுனியிலிருந்து 3 அடியாவது தள்ளி இருக்கட்டும். இல்லையேல் காற்று புகையைக் கருவியருகே அண்டவிடாது. சன்னல், குளிர்சாதனக் கருவி ஆகியவற்றின் காற்று நேராகப் படும் இடமும் ஆகாது. அடுப்பிலிருந்து குறைந்தது 10 அடி தொலைவு வேண்டும். சமையலறைக்குள்ளேயே ஒன்று வேண்டுமெனில், புகையை விடுத்து வெப்பத்தை உணரும் கருவி தனியாகக் கிடைக்கிறது.

பூஜை அறையின் உள்ளே புகை அலாரம் வேண்டாம். அதன் வாயிலுக்கு நேராக, மிக அருகிலும் வேண்டாம். நான் செய்த முதற்பிழை அதுவே. கற்பூரமும் தூபமும் ஏற்றும் இடத்திலிருந்து சமையலறைக்குச் சொன்ன அதே 10 அடித் தொலைவில் நடையில் இருந்தால், ஆரத்திப் புகைக்கு அது வாளாவிருக்கும்; தீயின் புகைக்குக் குரல் கொடுக்கும்.

தூபம் காட்டும்போது சன்னலைத் திறந்து வைப்பது நன்று. அதன்பின்னும் அலறினால், பெரும்பாலான கருவிகளில் சிறிது நேரத்துக்கு மட்டும் ஒலியை நிறுத்தும் பொத்தான் இருக்கிறது. அதை அழுத்தினால் போதும். சில நிமிடங்களில் கருவி தானே மீண்டும் காவலுக்கு வந்துவிடும். பேட்டரியை மட்டும் கழற்றவே கூடாது. கழற்றும் கை, திரும்பப் பொருத்த மறந்துவிடும்.

சிங்கப்பூரில் 2018 ஜூன் 1 முதல் புதிய குடியிருப்புகளில் இத்தகைய கருவி கட்டாயம். அமெரிக்க வீடுகளில் இதைக் காணாதவர் அரிது. அங்கெல்லாம் பிள்ளைகளுடன் தங்கச் செல்லும் பெரியோர், கற்பூரம் ஏற்றுவதற்காக அதைத் துணியால் மூடுவதோ கழற்றுவதோ வேண்டாம். அது பேரக் குழந்தைகளின் உறக்கத்துக்கும் காவல்.

காது மந்தமானவர்களுக்கு

இக்கருவியின் ஒலி 10 அடித் தொலைவில் 85 டெசிபல் அளவினது. ஆயினும் அது கீச்சென்ற உயர்ந்த சுருதியில் ஒலிப்பது. முதுமையில் முதலில் குறைவது அந்த உயர்ந்த சுருதியைக் கேட்கும் ஆற்றலே. இரவில் காதுக் கருவியையும் கழற்றி வைத்துவிடுகிறோம். ஆகவே 520 ஹெர்ட்ஸ் என்னும் தாழ்ந்த சுருதியில் ஒலிக்கும் அலாரங்களும், தலையணைக்கடியில் இருந்து அதிர்ந்து எழுப்பும் துணைக்கருவிகளும் உள்ளன. வாங்கித் தரும் பிள்ளைகளிடம் இதைக் கூச்சமின்றிச் சொல்லுங்கள். ஒன்றோடொன்று இணைந்த கருவிகள் இன்னும் நல்லவை. கூடத்தில் புகை எழுந்தால் படுக்கை அறையிலும் ஒலிக்கும்.

பௌர்ணமியும் ஆயுத பூஜையும்

பொருத்திவிட்டு மறந்தால் அது வெறும் வட்டத்தட்டு. பராமரிப்பை நம் பஞ்சாங்கத்தோடு இணைத்துக்கொண்டால் மறதிக்கு இடமில்லை.

பௌர்ணமிதோறும் சோதனைப் பொத்தானை அழுத்தி ஒலியைக் கேளுங்கள். இதற்காக முக்காலியில் ஏறுவது நம் வயதில் தீயைவிட முந்திய ஆபத்து. கீழே நின்றபடி ஒட்டடைக் கம்பின் நுனியால் அழுத்தலாம். ஊதுவத்தியையோ கற்பூரத்தையோ உயர்த்திப் பிடித்துச் சோதிக்க வேண்டாம்.

ஆண்டுக்கொருமுறை ஆயுத பூஜையன்று, வீட்டுக் கருவிகளையெல்லாம் துடைத்துப் பொட்டிடும்போது, இதற்கும் பேட்டரியை மாற்றச் சொல்லுங்கள். பத்தாண்டு உழைக்கும் மூடிய பேட்டரி உடையதாயின் மாற்றவேண்டியதில்லை. மென்தூரிகையால் தூசியும் சிலந்திக்கூடும் நீக்கப்படட்டும். நீர் தெளிக்கலாகாது, வீட்டுக்கு வண்ணம் பூசும்போது இதன்மீது பூசலாகாது, பொட்டையும் துளைகளை அடைக்காதபடி ஓரத்தில் வையுங்கள். நிமிடத்துக்கு ஒருமுறைபோல இடைவிட்டுக் 'கீச்' என்று ஒலித்தால், பேட்டரி தீரப்போகிறது என்று பொருள்.

10 ஆண்டு நிறைந்தால், பொத்தானுக்கு ஒலித்தாலும் கருவியையே மாற்றிவிட வேண்டும். பின்புறம் அச்சிட்டுள்ள உற்பத்தித் தேதியை ஒரு தாளில் எழுதி, பஞ்சாங்கத்தினுள் வைத்துக்கொள்ளலாம்.

ஒலி கேட்டால்

சுவாமி படத்தையோ, நகையையோ, பத்திரங்களையோ எடுக்க நிற்காமல் உடனே வெளியேற வேண்டும். புகை சூழ்ந்திருந்தால் தவழ்ந்து செல்லுங்கள். தரையருகே நல்ல காற்று எஞ்சியிருக்கும். கதவு சுடுகிறதா என்று புறங்கையால் தொட்டுப் பார்த்துத் திறவுங்கள். வெளியேறும்போது கதவுகளைச் சாத்திக்கொண்டு செல்வது தீயின் வேகத்தைத் தடுக்கும். மின்தூக்கி வேண்டாம், படிக்கட்டே வழி. வெளியே வந்தபின் 101 அல்லது 112 எண்ணை அழையுங்கள். இரவில் கதவுச் சாவி என்றும் ஒரே இடத்தில் இருக்கட்டும்.

அலாரம் இருக்கிறதே என்று விளக்கில் கவனம் தளரவும் கூடாது. அகலின் கீழ் அகன்ற பித்தளைத் தாம்பாளம் ஒன்று இருக்கட்டும். திரைச்சீலை எட்ட இருக்கட்டும். படுக்கச் செல்லுமுன் விளக்கை ஒரு பூவால் குளிரச் செய்துவிட்டே செல்லுங்கள். இரவு முழுதும் எரியும் தீபம் வேண்டுமென்பவர்கள், கண்ணாடிக் கூண்டுள்ள விளக்கைத் தாம்பாளத்தில் நிறுத்தி வையுங்கள்.

எங்கள் வீட்டுக் கருவி இப்போது பூஜை அறையிலிருந்து தள்ளி, படுக்கை அறை வாயிலருகே இருக்கிறது. வெள்ளிதோறும் சாம்பிராணி மணக்கிறது. அது மௌனமாக இருக்கிறது. கருகிய முருகன் படத்தை மாற்றச் சொன்னார்கள்; எனக்கு மனம் வரவில்லை. பௌர்ணமியன்று தீபாராதனை முடிந்ததும், "என்னங்க, அதன் குரலைக் கேட்டாயிற்றா?" என்று மனைவி நினைவூட்டுகிறாள். ஒட்டடைக் கம்பை எடுத்து அழுத்துகிறேன். முன்பு கூச்சலாகக் கேட்ட அவ்வொலி, இப்போது எங்கள் இருவருக்கும் இரவுக்கு ஒரு துணையாகக் கேட்கிறது.